தலைக்குள் ரத்தக் கசிவு: பிளாஸ்மா போதாதா, பி.சி.சி. எதற்கு?

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ளும் தந்தைக்குத் தலைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றினால் போதாதா, பி.சி.சி. என்ற, ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் செறிந்த விலை உயர்ந்த மருந்தை ஏன் வாங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் பணம் பறிக்கும் வழி என்று உறவினர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், எங்களிடமும் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்லன். என் தாயாருக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

வாதக் காய்ச்சலால் பழுதான மைட்ரல் வால்வை மாற்றியதிலிருந்து அம்மா வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசிட்ரோம் மாத்திரை உட்கொள்கிறார். வயிற்றுப்போக்குக்காகச் சென்ற ஒரு சிறு மருத்துவமனையில், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். அது அசிட்ரோமின் வீரியத்தைக் கணிசமாகக் கூட்டக்கூடியது என்பது பாடநூலிலேயே உள்ள செய்தி. அந்த ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்ற கோபம் எனக்கு இன்றும் தணியவில்லை. அந்த வாரத்திலேயே அம்மா வழுக்கி விழுந்தார். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் கசிந்திருப்பதை ஸ்கேன் காட்டியது, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு, இயல்பில் சுமார் 1) 4.8 இருந்தது.

முதலில் சேர்த்த இடத்தில் பி.சி.சி. இல்லை. பிளாஸ்மாவை ரத்தப் பிரிவு பார்த்து, உறைநிலையிலிருந்து உருக்கி எடுத்து வரவே நேரம் சென்றது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்ற கணக்கில், 57 கிலோ எடையுள்ள அவருக்கு அரை லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த இதயம் அதைத் தாங்காமல் மூச்சுத்திணறல் தொடங்கியது. வேறு மருத்துவமனைக்கு மாற்றிய பிறகு, கிலோவுக்கு 35 யூனிட் வீதம் 500 யூனிட் பி.சி.சி. குப்பிகள் நான்கைச் செலுத்தினார்கள். மொத்தமே 80 மில்லிதான். இந்த மாத்திரைகளால் குறையும் 2, 7, 9, 10 ஆம் உறைவுக் காரணிகள் (ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள்) அதில் செறிவாக உள்ளன. ரத்தப் பிரிவு பார்க்கத் தேவையில்லை. காரணி 7 சில மணி நேரத்தில் குறைந்துவிடும் என்பதால் காரணிகளை உடலே மீண்டும் உருவாக்க உதவும் வைட்டமின் கே ஊசியும் சேர்த்தே போட்டார்கள். அரை மணி நேரத்துக்குப் பின் பார்த்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். இறங்கியிருந்ததால் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது.

ஒருவரின் அனுபவம் சான்றாகாது என்று சிலர் மறுக்கக்கூடும், அது நியாயமே. ஆனால் மூளை ரத்தக் கசிவு நோயாளிகளிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் ஐ.என்.ஆர். 1.2 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்கள் பி.சி.சி. பெற்றோரில் 67 சதவீதம், பிளாஸ்மா பெற்றோரில் 9 சதவீதம். சுமார் ஐம்பது பேரைக் கொண்ட சிறிய ஆய்வு அது. இறப்பு விகிதத்தில் உறுதியான வேறுபாட்டையும் அது நிறுவவில்லை. பி.சி.சி. கொடுத்தால் வால்வில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு என்று எங்களிடம் முன்கூட்டியே எச்சரித்துத்தான் கையொப்பம் வாங்கினார்கள். ரத்தத் தட்டணுக்களின் மீது செயல்படும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மட்டும் உட்கொள்வோருக்கு இம்மருந்து விடையல்ல. டாபிகாட்ரான் என்ற வேறு வகை உறைவுத் தடுப்பு மாத்திரைக்கு இடாருசிசுமாப் என்ற தனி மாற்று மருந்து உண்டு. ஆகவே தந்தையின் மாத்திரைப் பெயரையும் கடைசி ஐ.என்.ஆர். அளவையும் எழுதிய சீட்டு எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கட்டும். உங்கள் ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனையில் பி.சி.சி. இரவிலும் கையிருப்பில் இருக்கும் என்பதை அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.