சனிக்கிழமைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் வயதான ஓர் அம்மா மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். நினைவு போய்விட்டது. சனிக்கிழமைதோறும் காலையில் போய் உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டு, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வருவேன். அந்த இரண்டு மணி நேரம் அவருடைய மகள் தூங்குவார். ஒவ்வொரு வாரமும் அந்த அம்மா என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றுதான் கேட்கிறார். போன மாதம் என் அண்ணன், "குணமாகப் போவதில்லை, உன்னை அடையாளம்கூடத் தெரியவில்லை, எதற்கு இது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லித்தருகிறேன். எனக்குள் அது இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது. நான் போவது வெறும் பழக்கம்தானோ?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'நம்பிக்கை இருக்கிறது' என்று நாம் சொன்னால், காரியம் நடந்துவிடும் என்று பொருள். நீங்கள் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று வரும். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் அதே வசனம் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கிறது. ஒரு வேதாகமத்தில் இரண்டாவதாக இருக்கும் சொல் இன்னொன்றில் முதலாவதாகிவிட்டது. இரண்டு சபைக்காரர்கள் உட்கார்ந்து இதைப் பேசினால் அரை மணி நேரத்துக்கு யார் எதைச் சொல்கிறார்கள் என்றே புரியாது! கத்தோலிக்கர்கள் 2025ஆம் ஆண்டு யூபிலி என்ற புனித ஆண்டை 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற பெயரில்தான் கொண்டாடினார்கள்.

எனக்கு எதிர்நோக்கு என்ற சொல் பிடிக்கும். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். எது, எப்போது வரும் என்ற கணக்கு அதில் இல்லை. கண்ணால் பார்த்துவிட்ட ஒன்றை யாராவது எதிர்நோக்குவார்களா என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் கேட்கிறார்.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம். அவர் அக்கறையில்தான் கேட்டிருப்பார். குணமாகாதவரிடம் என்ன வேலை? ஒரு காலத்தில் மருத்துவர்களே இப்படித்தான் நினைத்தார்கள். 'இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிக் கட்டிலைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கட்டிலருகே நின்றவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாக இருந்து, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவம் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்று உள்ளவர். வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திருக்காமல், வருவதற்கு முன்பே நேரம் பார்த்து மருந்து கொடுக்கலாம் என்று வற்புறுத்தினார். குணமாகாத நோயாளிகளுக்காக 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்துதான் இன்றைய வலி தணிப்புச் சிகிச்சை பெரிதாக வளர்ந்தது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அதனால் அங்கே செய்ததெல்லாம் வீண் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் அந்தச் சந்தேகம், உங்களுக்குள் ஒன்றும் இல்லையோ என்பது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஓய்வுநாள் முடிந்ததும் மூன்று பெண்கள் சுகந்தவர்க்கம், அதாவது உடலுக்குப் பூசும் வாசனைப் பொருள்கள், வாங்குகிறார்கள். விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குக் கிளம்புகிறார்கள். எதற்கு? உயிர்த்தெழுந்தவரைப் பார்க்கவா? இல்லை, ஒரு சடலத்துக்குப் பூச. அவர் உயிரோடிருப்பார் என்ற எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. வழியில் அவர்களுடைய கவலையெல்லாம் கல்லறை வாசலை அடைத்திருந்த கல்லை யார் புரட்டித்தருவார் என்பதுதான். சீஷர்கள் யாரும் கூட வரவில்லை. இறந்துபோனவருக்குச் செய்யவேண்டிய கடைசி வேலை பாக்கி இருக்கிறது, அதைச் செய்யப் போகிறார்கள். உயிர்த்தெழுந்த செய்தி முதலில் அவர்கள் காதில்தான் விழுகிறது. நம்பிக்கை நிரம்பியபிறகுதான் சேவைக்குப் போகவேண்டும் என்றிருந்தால் அந்தக் காலையில் ஒருவரும் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கமாட்டார்கள். பழக்கத்தால் போகிறேன் என்கிறீர்கள். அவர்களும் தங்கள் மக்களின் வழக்கப்படிதான் போனார்கள்.

என் அம்மா படுத்திருந்தபோது வாசலில் நின்று "ஆண்டவர் கைவிடமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஒரு பெண்மணி மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து, குவிந்துகிடந்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். நான் பல வீடுகளில் வாசலில் நின்ற ரகம்தான். பசியோடு இருப்பவனிடம் 'சமாதானத்தோடே போ' என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கும் இடத்தை இப்போது வாசித்தாலும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன ஒரு செய்தியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த மகள் தூங்குகிறார். மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பயமில்லாத தூக்கம். அண்ணனிடம் இதைச் சொன்னீர்களா?

நீங்கள் காய்ச்சலில் விழுந்தால் அந்தச் சனிக்கிழமை அந்த மகள் எப்படித் தூங்குவார் என்பதுதான் எனக்குக் கவலை. கூட இன்னொருவரையும் பழக்கி வையுங்கள். அண்ணனையே ஒருநாள் கூட்டிப்போய், சங்கீதத்தை அவரை வாசிக்கச் சொல்லுங்களேன். "நீ யாரு?" என்று அந்த அம்மா அவரையும் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்