நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் கொண்டுபோகிற அளவில் போட்டிக்கு ஒரு ரயில் மாடல் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் ரயில் வட்டமாகச் சுற்ற வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள், இடத்தைத் தின்பதே அதுதான். கன்னியாகுமரி நிலையத்தையே எடுங்கள். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுவதால் ஒடுக்கமான பலகை போதும். ‘என்’ ஸ்கேல் (1:160, அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு) வசதி. சுமார் 21 மீட்டர் நீள ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி அதில் 13 செ.மீ.தான், ‘எச்ஓ’ என்ற பெரிய ஸ்கேலில் (1:87) 24 செ.மீ. தாண்டும்.

60 செ.மீ. பலகைகள் இரண்டு, நடுவில் போல்ட். தொல்லை வருவது இந்த இணைப்பில்தான். தண்டவாள முனை ஒவ்வொன்றையும் பலகை ஓரத்தில் தனித்தனிப் பித்தளை ஸ்குரூவில் சால்டர் செய்யுங்கள், பஸ் குலுக்கலில் நகராது. ஸ்குரூக்கள் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட்! நம்மூர் ஈரக்காற்றில் பிளைவுட் ஊதும். அடிப்பக்கமும் வார்னிஷ் அடிக்கணும். அப்புறம், தென்னைகளைக் கழற்றும்படி வையுங்கள். 15 மீட்டர் மரம் 9 செ.மீ. உயரம் வரும், கொண்டுபோகும் பெட்டியின் மூடியில் இடிக்கும்.