ஈபப் கோப்பை கேபிள் வழியாக கிண்டிலில் போட்டும் புத்தகம் ஏன் தெரியவில்லை?

கேபிளைச் செருகி, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பைப் போட்டும் அமேசானின் மின்படிப்பானான கிண்டிலில் புத்தகம் காட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டாது. கோப்பு உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கிண்டில் ஈபப்பை நேரடியாகத் திறக்காது. கோபோ என்ற இன்னொரு மின்படிப்பான் என்றால் இழுத்துப் போட்டதும் திறந்திருக்கும்.

சுலபமான வழி, 'சென்ட் டு கிண்டில்' பக்கத்தில் உங்கள் அமேசான் கணக்கோடு நுழைந்து கோப்பை ஏற்றிவிடுவது. 200 எம்பி வரை ஏற்றலாம். அவர்களே வடிவத்தை மாற்றி வைஃபை வழியாக அனுப்பிவிடுவார்கள். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் அனுப்பும் முகவரியை முதலில் கணக்கின் அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். கிண்டிலின் பழைய வடிவமான மோபி கோப்புகளை இந்த வழியில் இப்போது எடுத்துக்கொள்வதில்லை.

நான் பயன்படுத்துவது காலிபர். இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். புத்தகத்தை அதில் சேர்த்து, கிண்டில் திறக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி, 'சென்ட் டு டிவைஸ்' அழுத்தினால் முடிந்தது. அனுப்பும் முன் நூல் பெயர், ஆசிரியர் பெயரைத் திருத்த முடிவதற்காகவே எனக்கு இது பிடிக்கும். ஒரே எழுத்தாளர் ஒரு கோப்பில் இனிஷியலோடும் இன்னொன்றில் இல்லாமலும் இருந்தால், கிண்டில் அவரை இரண்டு பேராக்கிவிடும்.

கணினியில் கிண்டில் தெரியவே இல்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் ஏராளம். 2024இல் வந்த மாடல்கள் பென் டிரைவ் போல் அல்லாமல் ஆண்ட்ராய்டு கைபேசிகள் போல எம்டிபி முறையில் இணைகின்றன, அதனால் மேக்கின் ஃபைண்டரில் வராது. காலிபரில் வரும்.

தமிழ் வாசகருக்கு உண்மையான தலைவலி பிடிஎஃப்தான். பழைய தமிழ் பிடிஎஃப்கள் பலவும் பாமினி போன்ற, யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டைப் பின்பற்றாத எழுத்துருவில் செய்தவை. பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். காலிபரில் மாற்றினால் 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். மாற்றும் முன் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், அங்கேயே வண்டவாளம் தெரிந்துவிடும். யூனிகோட் பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு.

ஆகவே முடிந்தவரை பிடிஎஃப்பைத் தொடாதீர்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் ஈபப் கிடைக்கும். மின்படிப்பான் திரைக்கென்றே 6 அங்குல பிடிஎஃப்பும் வைத்திருக்கிறார்கள். 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்னாக்கி வரும் மதுரைத் திட்டத்தில் பிடிஎஃப்போடு யூனிகோட் வலைப்பக்கமாகவும் நூல்கள் உண்டு. அந்தப் பக்கத்தைச் சேமித்து காலிபரில் போட்டால், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்படியான புத்தகமாகிவிடும்.

ஸ்கேன் செய்த நூல் என்றால் மாற்ற அதில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். கிண்டிலைக் கிடைமட்டமாகத் திருப்பி வைத்தால் அரைப் பக்கம் அரைப் பக்கமாக ஓரளவு படிக்கலாம். நான் அவற்றை டேப்லெட்டில்தான் படிக்கிறேன்.