வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறுங்கள், தம்பி

மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்து மூன்று மாதமாக வேளச்சேரியில் அறை எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, எந்தக் கடைக்குப் போனாலும் முன்மேசையில் அதே பத்துப் பதினைந்து புத்தகங்கள்தான். எல்லோரும் வாசிக்கிறதும் வேண்டும், ஒருத்தரும் கதைக்காததும் வேண்டும். நாவல், சரித்திரம், துப்பறியும் கதை, மொழிபெயர்ப்பு எல்லாம். சென்னையில் எங்கே போய்த் தேடுவது?"

தம்பி, நான் 1990இல் அம்மாவோடு சாவகச்சேரியிலிருந்து வந்தபோது எனக்கு இருபது வயது. அப்போது வளசரவாக்கத்தில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள்தான் என் வாசிப்பு. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன். அவற்றைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். பேச வேண்டும் என்பதை நம் ஊர் வழக்கில் "கதைக்க வேண்டும்" என்றால் கடைக்காரர் முழிப்பார். இந்த ஊர் மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிக் கோபப்படுகிறார்கள், வீட்டுக்காரரிடம் எப்படி வாடகைக்குத் தவணை கேட்கிறார்கள் என்பதை அந்தப் புத்தகங்களில்தான் படித்தேன். லட்சக்கணக்கானோர் விரும்பி வாசித்த ஒன்றில் அந்த மக்களைப் பற்றி ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

புகழ்பெற்ற புத்தகம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் பொன்னியின் செல்வனை யாரும் அச்சிடலாம். பல விலையில் பல பதிப்புகள் இருக்கின்றன. முதல் சம்பளத்தில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரே புத்தகமாக வாங்கி வந்தேன். பாதி வாசித்த பிறகுதான் அது சுருக்கப் பதிப்பென்று தெரிந்தது. அன்றைக்கு அழுதேவிட்டேன். ஐந்து பாகமும் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நாட்டுடைமையான பல நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்.

சரி, இனி யாரும் கதைக்காத புத்தகங்கள். நீங்கள் இருக்கும் இடம் இதற்கு வாய்ப்பான இடம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் வழியெல்லாம் புத்தகம்தான்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை அதற்கு அடித்தளம், 1994இல் நூலகமாயிற்று. பழைய நாவல், நாடகம், பாட்டுப்புத்தகம், விளம்பர நோட்டீசு வரை வைத்திருக்கிறார்கள். துப்பறியும் கதை பிடிக்கும் என்றீர்களே, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், வை.மு. கோதைநாயகி ஆகிய பெயர்களைக் குறித்துக்கொண்டு போங்கள். கோதைநாயகி திருவல்லிக்கேணியில் இருந்து ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தியவர். நூறு நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அவர் பெயர் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் பெரிது. எனக்கு அதில் உண்மையான வருத்தம்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். இரண்டாம் தளம் முழுக்கத் தமிழ். அங்கே தேடிப் போகாதீர்கள், சும்மா அலமாரி அலமாரியாக நடங்கள். ஒருநாள் ஒரே ஒரு வரிசை போதும்.

திருமயிலை நிலையத்தில் இறங்கினால் லஸ் முனை. அப்புறம் திருவல்லிக்கேணி. பாரதி சாலையை இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் பழையவர்கள் சொல்வார்கள். அங்கேயுள்ள பழைய புத்தகக் கடைகளில் பாடப்புத்தகக் குவியலுக்கு அடியில்தான் நல்லவை கிடக்கும். கையில் தூசி படியும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1996 என்று நினைவு, அங்கே முப்பது ரூபாய்க்கு ஒரு கட்டுரைத் தொகுப்பு எடுத்தேன். பேருந்தில் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஊதா மையில் யாழ்ப்பாணத்துப் பள்ளி நூலகம் ஒன்றின் முத்திரை. கடைசியாக இரவல் கொடுத்த தேதி 1984. யார் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டி வந்தது, ஏன் விற்றார்கள், ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாண நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்தப் புத்தகத்தை வாங்கி வந்த அன்றிரவே அம்மா கையில் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை, முத்திரையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பதிப்பகத்தின் மற்ற வெளியீடுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. இருபது தலைப்பில் மூன்றுதான் நான் கேள்விப்பட்டவை. நான் தேடக் கற்றது அந்தப் பக்கத்திலிருந்துதான். பழைய புத்தகம் எதை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு முன்னுரை எழுதியவர் யாரென்று பாருங்கள். அந்தப் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 1896இல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அங்கே வர வேண்டும். என் இருபது தலைப்பில் பதினொன்றை அங்கேதான் கண்டேன்.

மொழிபெயர்ப்புக்கு நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் போடும் நூல்கள். அட்டையைப் பார்த்தால் கையில் எடுக்கவே தோன்றாது, விலையோ மிகக் குறைவு. அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்ற வங்க நாவலை, சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழில், முதலில் வாசியுங்கள். பிரிவினைக்கு முந்திய கிழக்கு வங்கத்து ஊர், ஆறு, வயல். மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த உங்களுக்கு அது வேறு நாட்டுக் கதையாகவே இராது.

ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் புத்தகக் காட்சி வரும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நெரிசலில் ஒன்றும் பார்க்க முடியாது. வேலை நாளில், திறந்த உடனே போய், கடைசி வரிசையில் இருக்கும் சிறிய அரங்குகளிலிருந்து தொடங்குங்கள். அங்கே பெரும்பாலும் பதிப்பாளரே உட்கார்ந்திருப்பார். "எது அதிகம் போகிறது?" என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள், "நீங்கள் ஆசைப்பட்டுப் போட்டு விற்காமல் நிற்பது எது?" என்று கேளுங்கள். மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவார், அது ஏன் பிடித்தது என்றும் சொல்வார். நான் மிக நேசிக்கும் புத்தகங்களில் பாதி அப்படி வந்தவை. முன்பு ஒரு பதிப்பு 1000 பிரதி என்றிருந்தது. இப்போது 300 அடிப்பதே பெரிது. அதனால் பிடித்ததைக் கண்டால் அப்போதே வாங்கிவிடுங்கள், அடுத்த வருஷம் இருக்காது.

எங்கள் ஊர் எழுத்துக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை ஏட்டிலிருந்து கலித்தொகையை முதன்முதல் அச்சில் கொண்டு வந்தது இந்தச் சென்னையில், 1887இல். நல்லூர் ஆறுமுக நாவலர் தங்கசாலைத் தெருவில் அச்சுக்கூடம் வைத்திருந்தார். ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. இங்கே மித்ர பதிப்பகம் நடத்தினார். ஊரில் நீங்கள் தேடிக் கிடைக்காத ஈழத்து நூல் திருவல்லிக்கேணி நடைபாதையில் கிடைக்கலாம். அங்கும் இல்லையென்றால் நூலகம் என்ற நம்முடைய இணைய நூலகத்தில் பாருங்கள், ஸ்கேன் செய்து ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் தொடங்க ஏதுவாக என்னிடம் இரண்டு பிரதி உள்ளவை சில இருக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ஒரு துணிப்பை கொண்டு வாருங்கள்.