கிறிஸ்தவ சபையில் 'உதவிக்காரர்' என்றால் யார்? தாழ்மையோடு உதவுவது ஏன்?

போதகரின் சுமையைப் பகிர்ந்துகொள்பவரே உதவிக்காரர். ஆங்கிலத்தில் இவரை 'டீக்கன்' என்பார்கள்; அந்தச் சொல்லின் வேரான கிரேக்க 'தியாகோனோஸ்' பணியாளரைக் குறிக்கும், பந்தியில் பரிமாறுபவரையும்தான்.

இந்தப் பணிக்கான காரணம் பைபிளில் அப்போஸ்தலர் நூலின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் விதவைகள் விடுபடுவதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். சபையை வழிநடத்திய இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்களே பந்தி விசாரிக்கப் போனால் போதனை நின்றுவிடும். ஆகவே ஸ்தேவான் உட்பட ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சோறு போடும் வேலைக்குக் கேட்ட தகுதியைப் பாருங்கள்: நற்சாட்சி, ஞானம், பரிசுத்த ஆவி!

கல்யாண வீட்டில் பந்தி பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவைப் போலத்தான். போட்டோவில் அவர் இருக்கமாட்டார்; அவர் இல்லாவிட்டால் கடைசிப் பந்திக்குச் சாம்பார் இருக்காது.

தாழ்மை என்றால் போதகர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்தியோகியா நகரில் மூத்த அப்போஸ்தலரான பேதுருவே தவறியபோது, இன்னொரு அப்போஸ்தலரான பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11).