மிலிட்டரி ஆர்மரரிடம் சொந்தத் துப்பாக்கியைக் கொடுக்கலாமா?

கேள்வி: தோட்டக் காவலுக்குத் தாத்தா வைத்திருந்த 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இப்போது லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. போன மாதம் துடைத்துவிட்டு மூடும்போது, வலது பக்கச் சுத்தியல் (தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகம்) தானாக விழுந்த சத்தம் உள்ளே கேட்டது. தோட்டா இல்லை. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெரு அண்ணன், "ஒரு சாயங்காலம் போதும் தம்பி, சரி பண்ணித் தரேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில், அதில் இனி தோட்டா போடாதீர்கள். சேஃப்டி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் சேஃப்டி ட்ரிகரை மட்டும்தான் தடுக்கும். சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கி வழுக்கினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த அண்ணனின் திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் பழகியது இன்சாஸ் ரைபிள், எல்எம்ஜி (இலகு இயந்திரத் துப்பாக்கி) போன்ற ராணுவ ஆயுதங்கள். ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்த ஆயுதங்கள் அவை. பாகம் தேய்ந்தால் கேஜ் (அளவுக்கருவி) வைத்துப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள், ஸ்டோரிலிருந்து புதியதை மாட்டுவார்கள். உங்கள் தாத்தாவின் துப்பாக்கிக்கு ஸ்டோர் கிடையாது. பழைய இரட்டைக்குழல்களில் கொக்கியும் சுத்தியலும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கையால் ராவிச் சேர்த்தவை. இடது பக்கத்துக் கொக்கியே வலது பக்கத்துக்குப் பொருந்தாது.

ஒருவேளை பழைய எண்ணெய் பிசினாக இறுகி, கொக்கியைச் சரியாக உட்கார விடாமல் செய்திருக்கலாம். அப்படியானால் சுத்தம் செய்தாலே தீரும். கொக்கியின் முனை மழுங்கியிருந்தால்தான் ஆபத்து. பல பழைய துப்பாக்கிகளில் அந்த முனை மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டது. உள்ளே மென்மையான இரும்பு. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் தோல் போய்விடும். அன்றைக்கு ட்ரிகர் அருமையாக இருக்கும். கொஞ்ச நாளில் மறுபடி வழுக்கும், அப்போது குழலில் தோட்டா இருக்கக்கூடும்.

சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். ராணுவ அனுபவம் அதற்கு ஈடாகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. உதவ வந்த மனிதரை இந்தச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். துப்பாக்கியை அவர் வீட்டில் விட்டுவிட்டு வருவதும் கூடாது. பழுதுக்காக இன்னொருவர் எடுத்துச் செல்வதானால்கூட நீங்கள் உடனிருக்க வேண்டும், அல்லது எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பணியில் இருக்கும் ஆர்மரர் என்றால் கேட்கவே கேட்காதீர்கள். யூனிட்டின் கருவியும் நேரமும் சொந்த வேலைக்கு இல்லை.

அந்த அண்ணனிடம் ஒரு உதவி கேளுங்கள்: லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குப் போகும்போது கூட வரச் சொல்லுங்கள். எந்தக் கடையானாலும் அவர்கள் லைசென்ஸில் விற்பனை மட்டும்தானா, பழுது பார்ப்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்குங்கள். கொக்கியை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். அந்த முனையைப் பார்த்துத் தேய்மானத்தைச் சொல்ல அண்ணனுக்குத் தெரியும். குழல்கள் காலியாக இருப்பதை இருவரும் பார்த்த பிறகு, இரண்டு பக்கமும் காக் செய்து (சுத்தியலைக் கொக்கியில் மாட்டி), துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகத்தை ரப்பர் விரிப்பில் பத்துப் பன்னிரண்டு முறை தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை 'டிக்' என்று விழுந்தாலும் வாங்காமல் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.