கூட்டுப்புழு உறங்குவதில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போன்ற புழுக்கள் இருந்தன. இப்போது பச்சைப் புழுக்களே உள்ளன. இரண்டும் ஒன்றா? (ஈசூன்)

பதில்: ஒன்றேதான். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு நான்கு முறை தோலுரிக்கும். நான்காம் முறைக்குப் பிறகே பச்சை நிறம் வரும். மெல்லத் தொட்டுப் பாருங்கள்; தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பொன்றை நீட்டி, கடுமையான வாடையைப் பரப்பும்.

கேள்வி: கூட்டிலிருந்து வெளிவரத் திணறும் வண்ணத்துப்பூச்சிக்கு, கூட்டை வெட்டி உதவலாமா? உள்ளே அது இத்தனை நாள் உறங்கத்தானே செய்கிறது? (தெம்பனிஸ்)

பதில்: வெட்ட வேண்டாம். வெளிவந்ததும் அது உடல் திரவத்தைச் சிறகுகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்க வேண்டும். நம் அவசரத்தால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடக்கூடும். மேலும், உள்ளே நடப்பது உறக்கமன்று. புழுவின் தசைகளும் குடலும் பெருமளவு சிதைந்து கரைய, புழுப் பருவத்திலேயே உடலுக்குள் ஒடுங்கிக் கிடந்த உயிரணுத் திரள்கள் அந்தச் சத்தைக் கொண்டு சிறகாகவும் காலாகவும் உணர்கொம்பாகவும் வளர்கின்றன. ஆயினும் நரம்பு மண்டலம் முழுவதும் அழிவதில்லை: ஒரு வாடையை வெறுக்கப் புழுப் பருவத்தில் பழக்கப்பட்ட அந்துப்பூச்சிகள், சிறகு முளைத்த பிறகும் அதைத் தவிர்த்ததாக 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இத்துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி இதுவே.

கேள்வி: சமையலறையில் வெள்ளைக் கரப்பான் ஒன்றைக் கண்டோம். புதிய இனமா?

பதில்: இல்லை, அப்போதுதான் தோலுரித்த கரப்பான். சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். கரப்பானுக்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. குஞ்சு தோலுரித்துத் தோலுரித்தே பெரிதாகும்.

கேள்வி: குளவி, புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலாக்கிவிடும் என்று என் பாட்டி சொல்வார். எங்கள் சன்னலோரத்தில் மண்கூடு கட்டும் குளவியும் பச்சைப் புழுக்களைத்தான் தூக்கி வருகிறது. உண்மையா? (உட்லண்ட்ஸ்)

பதில்: பாட்டி கண்ட காட்சி உண்மை, சொன்ன காரணந்தான் வேறு. மண்கூட்டின் கூரையில் மெல்லிய இழையொன்றில் முட்டையைத் தொங்கவிடும் குளவி, கொட்டி முடக்கிய புழுக்களைக் கூட்டினுள் அடைத்து வாயிலை மண்ணால் மூடிவிடும். அவை சாகாமல் அசைவற்றுக் கிடப்பதால் விரைவில் அழுகுவதில்லை. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அவற்றைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, சிறகுடன் மண்ணைத் துளைத்து வெளியேறும். உள்ளே போனது பச்சைப் புழு, வெளியே வந்தது குளவி என்பதால் ஒன்று மற்றொன்றானதாகத் தோன்றியதில் வியப்பில்லை. மூடிய கூட்டில் வட்டமான துளை தெரிந்தால் குளவி போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு கூட்டைச் சுரண்டி எடுக்கலாம்.